ஈறு வைத்த மவுத்தார்கன்

களவு போன பொருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, களவு போய்விட்டது என்று புகார் சொன்ன ஒரே ஆள் பெர்னார்தான். காணாமல் போன நாயைத் தேடச் சொன்னவர்களை இளம்பரிதி பார்த்திருக்கிறான். காணாமல் போன மாப்பிள்ளையைத் தயவுசெய்து தேடாதீர்கள் என்று கும்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறான். இப்படி ஒருவரை இப்போதுதான் பார்க்கிறான்.

“திருடு போனது இதுதான் மதாம்” என்று பெர்னார் ஒரு மவுத்தார்கனை மேசைமேல் வைத்தார்.

தையல்நாயகி அதைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். போலீஸ் வேலையை உதறிவிட்டுப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் துப்பறியும் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்நாயகிக்கு எதற்கும் முகம் மாறாது. மாறவேண்டிய முகத்தையெல்லாம் உதவியாளன் இளம்பரிதிதான் அவர் பங்குக்கும் சேர்த்து மாற்றிக்கொள்வான்.

“இங்கதானே இருக்கு முசே?”

“மேல் தகடு என்னுது. இதோ பாருங்க நசுங்கல், ஆப்பிரிக்காவுல, ஜிபுத்தியில கீழ விழுந்தப்ப ஆனது. இதோ ஆணியால நான் கீறின என் பேரு. ஆனா உள்ள இருக்கிறது என்னுது இல்ல. வாயில வெச்சாலே தெரியுது.”

“என்ன தெரியுது?”

பெர்னார் குரலைத் தாழ்த்தினார். “எல்லாச் சுரமும் வருது.”

“அடப்பாவிங்க” என்றான் இளம்பரிதி.

பெர்னார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். எழுபதைத் தாண்டியும் முதுகு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மனைவி மோனிக் இறந்த பிறகு துய்மா வீதி வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய மவுத்தார்கனில் நாலாவது ஓட்டை செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் பித்தளை ரீடு உடைந்து, ஊதினால் காற்று மட்டும் வரும். அவர் அந்த இடத்தைத் தாண்டி ஊதப் பழகிக்கொண்டார். பழைய சிப்பாய்கள் சங்கத்தில் யார் செத்தாலும் கல்லறையில் பிரியாவிடை மெட்டு வாசிப்பது பெர்னார்தான். கூடவே முணுமுணுக்கும் மற்ற கிழவர்களும் காலப்போக்கில் அதே இடத்தில் ஒரு சுரத்தைத் தாண்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு சங்கமே தப்பாகப் பாடினால் அது தப்பு இல்லை, வழக்கம்.

“போன மாசம் ஒரு சாவு. கண்ணுல புரை எடுத்து, டாக்டர் ஊதக் கூடாதுன்னு சொல்லி, ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் கையில எடுத்தேன். அந்த இடம் வந்துது. நான் தாண்டுறதுக்குள்ள சுரம் வந்து நின்னுது. எனக்கு மூச்சு தப்பிடுச்சு. பாடினவங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. பெட்டியத் தூக்கினவங்ககூட அடி தப்பிட்டாங்க மதாம். செத்தவன் பொண்டாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தா.”

“யார் மேல சந்தேகம்?”

“ராஜாம்பாள். வீட்டு வேலை செஞ்சவ. பழச எடுத்து எங்கயோ வித்துட்டு இத வெச்சுட்டா. அனுப்பிட்டேன். எனக்கு என்னோடது திரும்பி வேணும்.”

“பழச வித்துட்டுப் புதுச வெக்கிற திருடிக்கு இதுல என்ன லாபம் முசே?” என்று இளம்பரிதி கேட்டான்.

“அத கண்டுபிடிக்கத்தான உங்களக் கூப்பிட்டேன்” என்றார் பெர்னார். பதில் நியாயமாகத்தான் இருந்தது.

தையல்நாயகி இளம்பரிதியின் பையிலிருந்த சின்ன திருப்புளியை வாங்கி மேல் தகட்டைக் கழற்றினார். ஆணி அடித்திருந்த இடத்தில் இப்போது திருகு இருந்தது. பித்தளைத் தகடுகள் இரண்டும் பளபளவென்று புதுசு. அவை இரண்டுக்கும் நடுவில் பத்து ஓட்டைகளோடு ஒரு கட்டை இருக்கவேண்டும், பேரிக்காய் மரத்தில் செய்தது என்று பெர்னார் சொன்னார். அங்கே மரம் இல்லை. ரோஸ் நிறத்தில் வழவழவென்று வேறு ஏதோ இருந்தது.

“ஐயே, மவுத்தார்கனுக்கு ஈறு முளைச்சிருக்கு மேடம்” என்றான் இளம்பரிதி.

“இப்ப என்ன சொன்ன?”

“சும்மா விளையாட்டுக்கு...”

“அதான் கேக்குறேன். நீ யோசிச்சுச் சொன்னா ஒண்ணும் தேறாது.” தையல்நாயகி அந்த ரோஸ் கட்டையை நகத்தால் தட்டிப் பார்த்தார். “இது ஈறுதான். பல் செட்டு கட்டுற பிளாஸ்டிக். முசே, கொஞ்சம் சிரிங்க.”

பெர்னார் சிரித்தார். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. மற்றதெல்லாம் அவர் அம்மா கொடுத்தது.

“நல்லது. நீங்க இல்ல” என்று எழுந்தார் தையல்நாயகி.

*

வைத்திக்குப்பத்தில் படகுகளுக்கு நடுவே தன் தங்கையோடு உட்கார்ந்து ராஜாம்பாள் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மீன் விற்று வழக்கமில்லை என்பது ஈ ஓட்டும்போதே தெரிந்தது.

“இன்னா, நான் திருடிட்டேனாமா?”

“பழச எடுத்துக்கினு புதுச வெச்சுட்டீங்களாம்” என்றான் இளம்பரிதி.

“அப்டி ஒரு திருடி இருந்தா எங்கூட்டுக்கும் அனுப்பு. என் மிக்சி ஓடல.” சிரிப்பது போல ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். “மோனிக் மதாம் படுத்த படுக்கையா கெடந்தப்ப அவங்களத் தூக்கிக் குளிப்பாட்டினவ நான். அந்த வீட்டுச் சாவி என் இடுப்புலதான் இருந்துது. அந்த ஆளு வாசல்ல நின்னுகினு தெருவே கேக்க திருடின்னாரு. எதிர்வீட்டுலயும் பாத்திரம் தேய்ச்சுகினு இருந்தேன். அவங்களும் வேணான்டாங்க. கொழுந்தனாரு மவளப் பொண்ணு பாக்க வந்தவங்க வரைக்கும் சேதி போயிருக்கு.”

தையல்நாயகி அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். “ராஜாம்பா, முசே கண்ணக் கட்டிக்கினு இருந்தப்ப அந்த மவுத்தார்கன் எங்க இருந்துது?”

“மேசை அறையில, பொட்டியில. துடைக்கச்சொல்ல பொட்டிய எடுத்து வெப்பேன். உள்ள லொடலொடன்னு ஆடும். ஒரு வாரம் ஆடல. காலியா இருந்துது போல. அப்பாலக்கா ஆடுச்சு. முசே தலகாணிக்கு அடியில வெச்சுகினு இருந்திருப்பாருன்னு நெனச்சிட்டேன்.”

“அப்ப வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?”

“ஃபிராங்க் முசே தெனமும் வருவாரு. ரெண்டு பேரும் பட்டாளத்துல ஒண்ணா இருந்தவங்க. கண்ணு தெரியலன்னு பேப்பர் படிச்சுக் காட்டுவாரு. அப்புறம் பங்குச் சாமியார் வந்தாரு, நன்மை அப்பம் குடுக்க.”

“ரெண்டு பேருல யாருக்குப் பல் செட்டு?”

ராஜாம்பாள் யோசித்தாள். “ரெண்டு பேருக்கும்தான்.”

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது இளம்பரிதி சொன்னான்: “மேடம், சாமியாரா இருந்துடக் கூடாது. நான் ஞானஸ்நானம் வாங்கினவன்.”

“அப்ப ஃபிராங்கா இருக்கணும்னு வேண்டிக்க” என்றார் தையல்நாயகி.

*

நேரு வீதியில் இசைக்கருவி விற்கும் கடைக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை.

“மவுத்தார்கன ரிப்பேரா? அத யாருங்க ரிப்பேர் பண்றாங்க? தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கணும்.” கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுப் புதுசு ஒன்றை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். “ஆனா ஒருத்தர் வந்தார். இதே மாடல் கேட்டார். வாங்கறதுக்கு முன்னாடி கழட்டிக் காட்டச் சொன்னார். உள்ள தகடு மட்டும்தான் வேணுமாம், மிச்சத்த நானே வெச்சுக்கலாமாம். ஊதிப் பாருங்கன்னு குடுத்தேன். நாலாவது ஓட்டைய மட்டும் ஊதினார். ஊதின வேகத்துல மேல் செட்டு கழண்டு வந்து மவுத்தார்கன்ல உக்காந்துக்கிச்சு. கோரிமேட்டுல கட்டினது, இன்னும் பழகலன்னு சொல்லி அவரும் சிரிச்சார்.”

“ஆள் எப்படி?”

“வயசானவர். பேன்ட்டு, தொப்பி. பிரெஞ்சு கலந்து பேசினார்.”

“அங்கியா பேன்ட்டா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றான் இளம்பரிதி.

“பேன்ட்டுதான்.”

இளம்பரிதி நெற்றியில் தொடங்கி நெஞ்சு வரை சிலுவை போட்டுக்கொண்டான்.

*

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் இடையில் அம்மாவாசையின் பல் செட்டு லேப் இருந்தது. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் ஒரு பெயர். அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்த அம்மாவாசை, தன் வேலையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி எழுந்து வந்தார்.

“மவுத்தார்கனா? நான்தான் செஞ்சேன். பாண்டியிலயே, ஏன் தமிழ்நாட்டுலயே, மவுத்தார்கனுக்குச் செட்டு கட்டின ஆள் நான்தான். மரம் ஊறி, அழுகி, உதட்டக் கிழிக்கிற மாதிரி இருந்துது. புதுத் தகட்டு அளவுக்குப் பழைய கட்டை பொருந்தல. அச்சு எடுத்து ஊத்தினேன். முதல்ல செஞ்சது வளைஞ்சு போச்சு. ரெண்டாவது ஓட்டையே இல்லாம வந்துடுச்சு. அத விடுங்க, மூணாவது பாத்தீங்களா?”

“பாத்தோம். ஏன் ரோஸ் கலரு?” என்று கேட்டான் இளம்பரிதி.

“எங்கிட்ட அந்த ஒரு கலருதான் இருக்கு.”

“யார் குடுத்தாங்க?”

“பெர்னார்.”

இளம்பரிதி தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. “மேடம், கேஸ் முடிஞ்சுது. கிழவரே குடுத்துட்டு மறந்துட்டார். கண் ஆபரேஷன், வயசு, மருந்து மயக்கம். நம்ம கட்சிக்காரர்தான் நம்ம திருடன்.”

“அவர் பல்லு அளவு உங்ககிட்ட இருக்கா?” என்று தையல்நாயகி அம்மாவாசையைக் கேட்டார்.

“இதோ. இவருக்குக் கட்டினப்பதான் கூடவே அதையும் குடுத்தார்.” அம்மாவாசை ஒரு பிளாஸ்டர் வாயை எடுத்து நீட்டினார். மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லாத, வழித்துத் துடைத்த வாய்.

“நம்ம முசேவுக்கு ஒரு பல்லுதான் இல்ல. இவருக்கு ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லக்கூட வழியில்ல” என்றார் தையல்நாயகி. பிளாஸ்டரைத் திருப்பினார். கீழே பென்சிலில் ‘ஃபிராங்க்’ என்று இருந்தது.

அம்மாவாசை தலையைச் சொறிந்தார். “அளவு எடுத்தப்ப இவர் பேரத்தான் எழுதினேன். அப்புறம் மவுத்தார்கனக் குடுத்தப்ப, பொருள் யாருதுன்னு கேட்டேன். பெர்னார்னு சொன்னார். நான் அவரையே பெர்னார்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். அவரும் மறுக்கல.”

இளம்பரிதியின் விளக்கு அணைந்தது. ஆனால் உடனே வேறொன்று எரிந்தது. “அப்ப இது சதி மேடம். பொருள உடைச்சாத்தான் குத்தமா? முப்பது வருஷமா ஓட்டை மவுத்தார்கனுக்குப் பழகின வாய்க்கு நல்ல மவுத்தார்கனக் குடுத்தா அதவிட நாசம் வேற கிடையாது. ரிப்பேர் பண்ணியே ஒருத்தர் மானத்த வாங்கியிருக்கார். பொறாமை.”

“பழைய கட்டை என்னாச்சு?” என்றார் தையல்நாயகி.

அம்மாவாசை மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உப்பிப்போன மரக்கட்டையும் கறுத்த தகடுகளும் அதில் இருந்தன. “தூக்கிப் போட மனசு வரல. வேணும்னா திருப்பி மாட்டிடலாம்.”

“அவர் மறுபடி எப்ப வருவார்?”

“செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருவாரே. காலையில சீட்டு போட்டுட்டு இங்க வந்து உக்காருவார். கூப்பிட்டதும் போவார், முடிஞ்சதும் இங்கயே திரும்பி வருவார்.”

“எங்க சீட்டு போட்டுட்டு?”

அம்மாவாசை எதிரே இருந்த ஆஸ்பத்திரி வாசலைக் கையால் காட்டினார். அன்று செவ்வாய்க்கிழமை.

இளம்பரிதி ஆஸ்பத்திரி வாசலை எட்டிப் பார்த்தான்.

*

பஸ்ஸிலிருந்து இறங்கிய நோயாளிகளுக்கு நடுவே, கக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கவரோடு ஃபிராங்க் சாலையைக் கடந்து வந்தார். லேப் வாசலில் புதிதாக இரண்டு பேர் நிற்பதைப் பார்த்ததும் கவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒல்லியான முதுகு. கவர் இரண்டு பக்கமும் தெரிந்தது.

தையல்நாயகி தங்களை இன்னார் என்று சொன்னார். மூன்று பேரும் பக்கத்து டீக்கடைக்குப் போனார்கள். அம்மாவாசையை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வந்தார்.

“பெர்னார் உங்கள வெச்சுத் தேடறானா?” ஃபிராங்க் சிரித்தார். செட்டு ஒரு முறை ஆடி நின்றது. “நாலு நாள்ல பழகிடுவான்னு நினைச்சேன்.”

“அவர்கிட்டயே கேட்டு ரிப்பேர் பண்ணியிருக்கலாமே முசே.”

“கேட்டேன். எத்தனையோ தடவை. புதுசு மூணு வாங்கிக் குடுத்தேன். பிரிக்காம வெச்சிருக்கான். அவனுக்கு அந்தப் பழைய மேல் தகடுதான் உதட்டுல படணும். சரி, தகடு இருக்கட்டும், உள்ள மட்டும் மாத்திடலாம்னு அவன் கண்ணக் கட்டியிருந்தப்ப எடுத்துக்கினு வந்தேன்.”

“இப்ப என்ன அவசரம்?”

ஃபிராங்க் டீயை ஆற்றினார். “வயித்துல கட்டி. டாக்டருங்க நல்லாத்தான் பாக்கறாங்க, ஆனா வருஷக் கணக்குல பேச மாட்டேங்கறாங்க.” டீயை ஒரு வாய் குடித்தார். “அவன் ஒவ்வொரு சாவுக்கும் வாசிக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன். அந்த விட்டுப்போன சுரத்த என் தொண்டைக்குள்ள நான் பாடிடுவேன். எனக்குக் காது கொஞ்சம் நல்ல காது மதாம், அதுதான் தொல்லை. மோனிக் சாவுலயும் பாடினேன். அது இல்லாம மெட்டு முடியாது. என் சாவுல யாரு பாடுவா? அவனுங்க எல்லாரும் தாண்டுவானுங்க. நான் பொட்டிக்குள்ள படுத்துக்கினு பாட முடியுமா?”

டீக்கடையில் வேறு யாரோ போண்டா கேட்டார்கள். அம்மாவாசை மூக்கை உறிஞ்சினார்.

“அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றார் தையல்நாயகி.

“சொன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு கேட்டா இதையும் சொல்லணும்.” ஃபிராங்க் கவரைத் தொட்டார்.

“நீங்க சொல்லாததுக்கு ராஜாம்பாள் வேலைய விட்டுப் போயிருக்கா. திருடிப் பட்டத்தோட.”

ஃபிராங்க் டம்ளரைக் கீழே வைத்தார். “தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கான்னு அந்த நாய் பெர்னார் சொன்னான்” என்றார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “முதல்ல வைத்திக்குப்பத்துக்குப் போகணும்” என்று எழுந்தார்.

*

துய்மா வீதிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஃபிராங்க், ராஜாம்பாள், தையல்நாயகி, டப்பாவோடு இளம்பரிதி. ராஜாம்பாள் வாசலுக்கு மேல் ஏறவில்லை. படியிலேயே நின்றாள்.

ஃபிராங்க் உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ராணுவத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை கொடுப்பது போல எடுத்தது, கொடுத்தது, மாட்டியது, காரணம், கட்டி, எல்லாம் வரிசையாகச் சொன்னார். பெர்னார் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து நேரே வாசலுக்குப் போனார். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் எடுத்து, “ராஜாம்பா, நீ திருடி இல்ல. நான்தான் மடையன். உள்ள வா” என்றார்.

“எதிர்வீட்டு மதாமுக்குக் கேட்டுச்சா?” என்று கேட்டாள் ராஜாம்பாள்.

பெர்னார் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். அதன் பிறகுதான் அவள் படியேறினாள். ஏறியவள் யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய், அங்கே கிடந்த நிலைமையைப் பார்த்து ஏதோ சொல்லித் திட்டினாள்.

தையல்நாயகி டப்பாவை மேசையில் வைத்தார். “முசே, உங்க பொருள் இதுதான். கேட்டீங்க, கண்டுபிடிச்சுட்டோம். வேணும்னா திருப்பி மாட்டித் தரேன்னு லேப்காரர் சொல்றார்.”

பெர்னார் டப்பாவைத் திறந்து அந்த ஊறிய கட்டையைக் கொஞ்சநேரம் பார்த்தார். மூடினார். ஃபிராங்க் பக்கம் நகர்த்தினார்.

“நீயே வெச்சுக்க. எனக்கு ஈறு வெச்சதே போதும்.” பிறகு, யாரையும் பார்க்காமல், “ஆனா ஒண்ணு. அந்தச் சுரத்துக்கு எனக்கு இன்னும் வாய் வரல. நான் அத ஒழுங்கா கத்துக்கினு முடிக்கிற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது” என்றார்.

“நீ மந்தம்டா. ரொம்ப நாள் ஆகும்.”

“ஆகட்டும்.”

“அப்ப ஆரம்பி” என்று ஃபிராங்க் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பெர்னார் ஊதினார். நாலாவது ஓட்டையில் தடுக்கி விழுந்தார். ஃபிராங்க் மேசையைத் தட்டி மறுபடி என்றார். மறுபடியும் விழுந்தார். ராஜாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, நான் போனதே நிம்மதியா இருந்துச்சு என்றாள். காலையில் போட்ட மருந்து படுத்துகிறது என்று சொல்லி ஃபிராங்க் எழுந்து கொல்லைப்பக்கம் பாத்ரூமுக்குப் போனார்.

தையல்நாயகியும் இளம்பரிதியும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். இளம்பரிதி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே மவுத்தார்கன் மெதுவாகத் தொடங்கியது. மெட்டு படிப்படியாக ஏறியது. அந்த இடம் வந்தது. நாலாவது ஓட்டையில் சுரம் சுத்தமாக, நீளமாக, ஒரு பிசிறும் இல்லாமல் வந்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே மெட்டு கடைசிவரை போய் முடிந்தது.

கொல்லைக் கதவு கிரீச்சிட்டது. ஃபிராங்கின் செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. மவுத்தார்கன் மறுபடி தொடங்கியது. அதே இடத்தில் தடுக்கி விழுந்தது.

“மறுபடி” என்றது ஃபிராங்கின் குரல்.

இளம்பரிதி ஒரு காலில் செருப்போடு நிமிர்ந்தான். “மேடம், அவருக்கு வாசிக்க வருது. நான் கேட்டேன்.”

“எனக்கும் கேட்டுது” என்றார் தையல்நாயகி. “வெளிய சொல்லாத. வண்டிய எடு.”